விபத்து நஷ்ட ஈடும் வக்கீல் வைக்கும் உரிமையும்



கடலைக்கு ஜிப்சம் போடுவது பற்றியும், கரும்பில் இடைக்கணுப் புழு பற்றியும் கேட்டுப் பழகிய இந்த நேரத்தில் இன்றைக்குக் கோர்ட்டு சங்கதி பேசலாம் என்று வந்திருக்கிறேன். தளவானூரிலிருந்து ஒரு விவசாயி கேட்ட கேள்விதான் காரணம். தென்பெண்ணைக் கரையில் இருக்கிற தளவானூர் வேறு; இது செஞ்சிப் பக்கத்துத் தளவானூர், மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த ஊர். அவர் சொன்ன விஷயம் இதுதான்.

தம்பிக்கு வயசு 38. கொஞ்சம் குத்தகை நிலம், மற்ற நாளில் கூலி வேலை. கடலை மூட்டையை செஞ்சியில் போட்டுவிட்டு சைக்கிளில் திரும்பும்போது பின்னால் வந்த லாரி தட்டிவிட்டது. வலது முழங்கால் நொறுங்கிப் போச்சு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, யாரென்றே தெரியாத ஒருத்தர் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து, பரிவாக நாலு வார்த்தை பேசி, நாலு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். "உங்களுக்குக் காலணா செலவில்லை. வர்ற பணத்துல பத்துக்கு மூணு எங்களுக்கு" என்று பேச்சு. அவர் வக்கீலும் இல்லை, வக்கீல் குமாஸ்தாவும் இல்லை. இப்போது அண்ணன் கேட்கிறார்: இந்தக் கையெழுத்து எங்களைக் கட்டிப் போட்டுவிடுமா? நாங்களே ஒரு வக்கீலை வைக்க முடியுமா? வக்கீலே இல்லாமல் போனால்தான் என்ன?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வக்கீல் இல்லாமல் போகச் சட்டத்தில் தடை இல்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்பது சாதாரண சிவில் கோர்ட்டு மாதிரி இழுத்தடிக்காமல் சுருக்கமாக விசாரிக்கவேண்டும் என்று ஏற்பட்டது. அடிபட்டவரே மனுப் போடலாம், அவரே கூண்டேறிச் சொல்லலாம். ஆனால் எதிர்ப்பக்கம் யார் என்று பார்க்கவேண்டும். லாரிக்காரர் பேருக்குத்தான் எதிராளி. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்பதால், பணம் கொடுக்கவேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனி. கம்பெனி ஒரு வாய்தாவுக்குக்கூட வக்கீல் இல்லாமல் வராது. வருஷம் முழுக்க இதே வழக்கை நடத்துகிற வக்கீல். அவருக்கு எதிரில் உங்கள் தம்பி கோலூன்றி நின்று, "ஐயா, என்னால குந்தி உட்கார முடியல" என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த ஒரு வரியைச் சட்டத்துக்குப் புரிகிற கணக்காக மாற்றவேண்டும். அதற்குத்தான் வக்கீல்.

கணக்கு என்று சொன்னேன் இல்லையா, அதையே போட்டுக் காட்டுகிறேன். ஒரு பேச்சுக்கு, தம்பியின் மாத வருமானம் 10,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஒத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்கிறவர், 40 வயசுக்குக் கீழே என்றால், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்கவேண்டும் என்று 2017ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து சாவு வழக்கு ஒன்றில் சொன்னார்கள். ஊனமானவர்களுக்கும் அது உண்டென்று 2020ல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக மாதம் 14,000. வருஷத்துக்கு 1,68,000. இதை வயசுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்கவேண்டும். 2009ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயசு வரைக்கும் அந்த எண் 15. பெருக்கினால் 25,20,000 ரூபாய். இது முழுக்க முடங்கிப் போனவருக்கு.

இப்போது டாக்டர் சான்றிதழில் "30 சதவீத ஊனம்" என்று எழுதியிருக்கிறது. வக்கீல் இல்லாதவர் வழக்கில் கம்பெனி வக்கீல் எழுந்து, "முப்பது சதவீதம்தான் ஐயா" என்பார். 7,56,000 ரூபாயோடு பேச்சு முடியும். ஆனால் சட்டம் அப்படியா சொல்லுகிறது? இல்லை. உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, சம்பாத்தியத்தில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010ல் விளக்கமாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே ஊனம் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஒரு நஷ்டம், வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு வேறு நஷ்டம். முழங்கால் மடங்காதவர் எழுத்து வேலை பார்க்கலாம். கடலை பிடுங்க முடியுமா? சேற்றில் இறங்க முடியுமா? மூட்டை தூக்க முடியுமா? இதையெல்லாம் வக்கீல் கேட்டு, டாக்டரைக் கூண்டேற்றி, பதிவு செய்து, சம்பாத்திய இழப்பு 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் தொகை 15,12,000. ஒரே கால், ஒரே சான்றிதழ். வித்தியாசம் ஏழரை லட்சத்துக்கு மேலே. ஆஸ்பத்திரிச் செலவு, பட்ட வேதனை, பார்த்துக்கொண்டவர் கூலி இதெல்லாம் இதற்கு மேலே தனி.

வருமானத்திலும் அதே கதைதான். "கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு எங்கே?" என்று கேட்பார்கள். சீட்டு இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளி வழக்கில், கையில் ஒரு காகிதமும் இல்லாமலே மாதம் 4,500 ரூபாய் வருமானம் என்று 2011ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விபத்து நடந்த 2004ம் வருஷத்துக் கூலி அது. வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பெண்களின் உழைப்புக்கும் மதிப்புப் போடவேண்டும் என்று பல தீர்ப்புகள் இருக்கின்றன. இருப்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. கம்பெனி வக்கீலுக்குத் தெரியும். ஆனால் உங்களுக்காக அதை எடுத்துச் சொல்வது அவர் வேலை இல்லை பாருங்கள்.

டிராக்டர் விஷயம் இன்னும் சிக்கல். நம்ம ஊரில் டிரெய்லரில் ஆளை ஏற்றுவது, மட்கார்டில் உட்கார வைப்பது சகஜம். பாலிசி விவசாய வேலைக்கு என்று இருக்கும். செங்கல் சூளைக்கு மண்ணடிக்கப் போன டிராக்டர் கவிழ்ந்தால், "விவசாய வேலை இல்லை, எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று கம்பெனி கையை விரிக்கும். 2007ல் உச்ச நீதிமன்றத்துக்கே இப்படி ஒரு கூலியாளின் வழக்குப் போயிற்று. கம்பெனிக்குப் பொறுப்பு இல்லைதான் என்று நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் அந்த ஏழைக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று தனது விசேஷ அதிகாரத்தைக் கொண்டு உத்தரவு போட்டது. இப்படி ஒரு வழி உண்டு என்று கேட்கவே ஆள் வேண்டும். டிராக்டர் சொந்தக்காரர்கள் இதில் வேறொன்றையும் கவனிக்கவேண்டும். கம்பெனி கொடுத்துவிட்டு வசூல் செய்ய வருவது உங்கள் நிலத்தின் மேலேதான்.

சரி, வக்கீல் வேண்டும் என்றாகிவிட்டது. யாரை வைப்பது? நீங்கள் விரும்புகிறவரை. ஆர்லிக்ஸ் கொண்டு வந்தவர் சொல்லுகிறவரை அல்ல. சன்னது பெற்ற எந்த வக்கீலும் எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் ஆஜராகலாம் என்பது 1961ம் வருஷத்து வழக்கறிஞர் சட்டத்தின் 30வது பிரிவு. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிரிவு எழுதிய பின் 50 வருஷம் அமலுக்கு வராமலே கிடந்தது. 2011 ஜூன் 15ம் தேதிதான் அமலுக்கு வந்தது.

இப்போது அந்தப் "பத்துக்கு மூணு". இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வென்றால் பங்கு என்று பேசிக்கொள்வது அமெரிக்காவில் வழக்கம். இங்கிலாந்தில், வென்றால் மட்டும் கூலி என்கிற ஏற்பாட்டை 1995 முதல் கட்டுப்பாடுகளோடு அனுமதித்திருக்கிறார்கள். நம் நாட்டில் அது கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், வருகிற தொகையில் பங்கு கேட்பதும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிப்படி தப்பு. உச்ச நீதிமன்றம் 1954லேயே இப்படிப் பங்கு பேசியதைத் தொழில் ஒழுங்கீனம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல் ஆளனுப்பி வழக்குப் பிடிப்பதும் தடை செய்யப்பட்டதுதான். 2023ல் வழக்கறிஞர் சட்டத்தைத் திருத்தி, இந்தத் தரகர்களின் பெயரைப் பட்டியல் போட்டு நீதிமன்ற வளாகத்துக்குள் விடாமல் தடுக்கவும், மீறினால் தண்டிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். ஆகவே வெள்ளைத் தாளில் பங்கு என்று எழுதிக்கொண்டு ஒரு வக்கீல் வந்தால், பயப்படவேண்டியவர் அவர். தமிழ்நாடு - புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்துக்கு ஒரு மனு போனால் அவர் சன்னதுக்கே ஆபத்து.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். பங்கு கூடாது என்கிற விதி நல்ல விதிதான். ஆனால் கையில் காசில்லாத கூலிக்காரர் முன்பணம் கொடுத்து எந்த வக்கீலை வைப்பார்? அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார். ஆர்லிக்ஸ் பாட்டில் சும்மா வரவில்லை. யோக்கியமான வக்கீல்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். செலவைத் தாங்களே போட்டு வழக்கை நடத்தி, முடிந்தபின் நியாயமான ஃபீஸ் வாங்குகிறார்கள். ஃபீஸ் இவ்வளவு என்று முதலிலேயே பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற வக்கீல் உங்களுக்கு வேண்டாம்.

வெள்ளைத் தாள் கையெழுத்துக்கு வருகிறேன். அது உங்களைக் கட்டிப் போடாது. ஆனால் சும்மாவும் இருக்கக்கூடாது. "என்னிடம் இன்ன தேதியில் எழுதாத தாள்களில் கையெழுத்து வாங்கப்பட்டது, என் பேரில் யாரும் மனுப் போட நான் சம்மதிக்கவில்லை" என்று ஒரு பதிவுத் தபால் அந்த ஆளுக்கு அனுப்பி, நகலும் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நகலோடு போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு மனுக் கொடுத்துவிடுங்கள். வக்காலத்து போட்டு மனுவும் தாக்கலாகிவிட்டது என்றாலும் வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். கொடுக்கவில்லையென்றால் தீர்ப்பாயத்திலேயே அனுமதி கேட்கலாம். "ஃபீஸ் பாக்கி, கட்டைத் தரமாட்டேன்" என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்கக்கூடாது என்று 2000ம் வருஷத்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அவருக்குப் பாக்கி இருந்தால் அதற்குத் தனி வழி இருக்கிறது.

அடுத்தது, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமே இல்லாதவர்கள். அரசியல் சட்டத்தில் 39ஏ என்று ஒரு பிரிவு, 1976ம் வருஷத்து 42வது திருத்தத்தில் சேர்ந்தது. ஏழை என்பதற்காக யாருக்கும் நீதி கிடைக்காமல் போகக்கூடாது, அரசு இலவசமாகச் சட்ட உதவி செய்யவேண்டும் என்று அது சொல்லுகிறது. அதற்கான சட்டம் 1987ல் நிறைவேறி, 1995 நவம்பர் 9ம் தேதி அமலுக்கு வந்தது. பலர் இந்த உதவி ஜெயிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. நஷ்ட ஈட்டு வழக்குக்கும் உண்டு. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர், உடல் ஊனமுற்றவர்கள் இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு அரசு நிர்ணயித்த வருமான வரம்பு உண்டு. கவனித்தீர்களா, ஊனமுற்றவர் என்ற ஒரு வார்த்தை அந்தப் பட்டியலில் இருக்கிறது. லாரி மோதி நிரந்தரமாகக் கால் போனவர், அந்த விபத்தினாலேயே இலவச வக்கீலுக்கு உரியவராகிவிடலாம். அந்த வக்கீல் உங்களிடம் ஒரு பைசா கேட்கக்கூடாது. கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவு உட்படச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பார்த்துக்கொள்ளும். கேட்டால், மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளரிடம் சொல்லுங்கள். அவரே ஒரு நீதிபதி.

முன்காலத்தில் செஞ்சிக்காரர்களுக்கு மாவட்டத் தலைநகர் கடலூர். ஒரு வாய்தாவுக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் போய்விடும். 1993ல் விழுப்புரம் தனி மாவட்டமான பிறகு தூரம் குறைந்தது. இன்னொரு சௌகரியமும் உண்டு. வழக்கை விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டும் என்பதில்லை. அடிபட்டவர் குடியிருக்கிற இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். பெங்களூருக்கோ சென்னைக்கோ கட்டட வேலைக்குப் போய் அங்கே அடிபட்டு ஊருக்குத் திரும்பிய பையன்கள் நம்ம பக்கத்தில் எத்தனை பேர்! "அங்கே போய் யார் அலைவது" என்று விட்டுவிட்டவர்கள் இதைக் கேட்கவேண்டும்.

ஆனால் கெடு இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும் என்று சட்டம். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போய், தாமதம் என்பதற்காக மனுக்களைத் தள்ளிவிடக்கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்காலம் என்றால் இடைக்காலம்தான். அதை நம்பித் தூங்காதீர்கள். போலீசாரும் விபத்து பற்றிய விவரங்களைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. இருந்தாலும், போலீஸ் எழுதுகிறதில் உங்கள் தம்பி கடலை பிடுங்க முடியாத விஷயம் இருக்காது.

டிராக்டரிலோ, கதிரடிக்கிற இயந்திரத்திலோ வேலை செய்யும்போது அடிபட்ட கூலியாளுக்கு, முதலாளியிடம் இழப்பீடு கேட்கிற இன்னொரு வழியும் உண்டு. 1923ம் வருஷத்துச் சட்டம் அதற்கு இருந்தது. அதில் வக்கீலும் ஆஜராகலாம், பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகியும் ஆஜராகலாம். 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. வண்டி விபத்தாகவும் இருந்து, வேலை விபத்தாகவும் இருந்தால் இரண்டு வழியில் ஒன்றைத்தான் பிடிக்கலாம். எது லாபம் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். அவசரத்தில் ஒன்றில் கையெழுத்துப் போட்டால் மற்றது அடைபட்டுப்போகும்.

மக்கள் நீதிமன்றம் பற்றி ஒன்று. லோக் அதாலத் என்று சொல்லுவாங்களே, அதுதான். சனிக்கிழமை கூப்பிட்டு, "ஒரு தொகை பேசி முடிச்சிக்கலாம்" என்பார்கள். சின்னக் காயத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அலைச்சல் மிச்சம், கட்டின கோர்ட்டுக் கட்டணமும் திரும்ப வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதுதான் முடிவு, அப்பீல் கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு என்றால் 90 நாளைக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். நிரந்தர ஊனமானவர்கள், நான் முன்னே போட்ட கணக்கை உங்கள் வக்கீலை விட்டுப் போடச் சொல்லி, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு லோக் அதாலத்துக்குப் போங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் முடிக்க முடியாது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வருவதற்கும் உரிமை இருக்கிறது.

பணம் வரும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். தொகை உங்கள் பாங்குக் கணக்குக்கே நேராக வரவேண்டும். 2025ல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தி உத்தரவிட்டிருக்கிறது. படிக்காதவர்களின் பணம் கரைந்துவிடாமல் ஒரு பங்கை நிரந்தர வைப்பில் போடச் சொல்லும் வழக்கமும் உண்டு. அது உங்கள் நன்மைக்கு. பாஸ் புத்தகம், ஏ.டி.எம். கார்டு, கையெழுத்துப் போட்ட காலிச் செக்கு - இதில் எதையும் வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ கொடுத்துவைக்காதீர்கள். புதுக் கணக்கு தொடங்க அவர்களே அழைத்துப் போனால், வீட்டில் படித்த பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

தளவானூர்க்காரர் செய்யவேண்டியது இது. முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து பில்கள், ஆதார் அட்டை, பாங்குப் பாஸ் புத்தகம், குத்தகைச் சீட்டு ஏதாவது இருந்தால் அது, கடலை போட்ட ரசீது ஒன்றிரண்டு, இதையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு செஞ்சி நீதிமன்றத்துக்குப் போய், வட்ட சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்கவேண்டும். மனு எழுதத் தெரியாவிட்டால் அங்கேயே எழுதித் தருவார்கள். தம்பி நடக்க முடியாமல் இருக்கிறார் என்றால் அண்ணன் போய்க் கேட்டுவரலாம். போவதற்கு முன்னால் விவரம் தெரியவேண்டும் என்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அந்த வெள்ளைத் தாள் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பதிவுத் தபாலின் நகலையும் அதே பையில் வையுங்கள்.